மோர்ஸ் குழு: சர்தார் சரோவர் அணையை ஆராய்ந்த தனி ஆய்வு

மோர்ஸ் குழு என்பது நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சர்தார் சரோவர் அணைத் திட்டத்தை ஆராய உலக வங்கி 1991இல் அமைத்த தனி ஆய்வுக் குழுவாகும். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் இதற்குத் தலைமை வகித்தார். கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்ஜர் துணைத் தலைவராக இருந்தார். தான் கடன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு திட்டத்தை வெளியாரைக் கொண்டு ஆராயச் செய்தது உலக வங்கியின் வரலாற்றில் இதுவே முதல் முறை. குழுவின் அறிக்கை 1992 ஜூன் 18 தேதியிட்டு வெளிவந்தது.

ஒரு பெரிய திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லும் அறிக்கையைப் பெரும்பாலும் அந்தத் திட்டத்தை நடத்த விரும்புபவரே பணம் கொடுத்துத் தயாரிக்கிறார். அதனால் அந்த அறிக்கையைப் படித்துச் சரிபார்க்க, திட்டத்தில் ஆதாயம் இல்லாத வல்லுநர்கள் தேவைப்படுகிறார்கள். இத்தகைய குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றின் பலம் எது, அவற்றால் எதைச் செய்ய முடியாது என்பதை அறிந்துகொள்ள மோர்ஸ் குழுவின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

நர்மதை ஆறு மத்தியப் பிரதேசத்தில் அமர்கண்டக்கில் தோன்றி, மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தில் பரூச் அருகே கடலில் கலக்கிறது. குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்கு இந்த ஆற்று நீரைக் கொண்டு செல்லும் எண்ணம் பழையது. அணைக்கான அடிக்கல்லை 1961 ஏப்ரல் 5 அன்று ஜவாஹர்லால் நேரு நாட்டினார். ஆனால் நீரைப் பங்கிடுவதிலும் அணையின் உயரத்திலும் மாநிலங்களுக்கிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 1969இல் நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1979 டிசம்பரில் அது தன் இறுதித் தீர்ப்பை அளித்தது.

அத்தீர்ப்பின்படி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 455 அடி, அதாவது 138.68 மீட்டர். நீர்த்தேக்கம் 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 37,000 ஹெக்டேர் நிலத்தை மூழ்கடிக்கும். மத்தியப் பிரதேசத்தில் 193, மகாராஷ்டிரத்தில் 33, குஜராத்தில் 19 என மொத்தம் 245 ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ பாதிக்கப்படும். மறுபக்கம், சுமார் 18 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனமும், 1,450 மெகாவாட் மின் திறனும், சௌராஷ்டிரம், கட்ச் பகுதிகளுக்குக் குடிநீரும் கிடைக்கும் என்று திட்டம் உறுதியளித்தது.

நிலம் இழப்போருக்குப் பணம் மட்டுமல்ல, நிலமே ஈடாகத் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியது. தன் நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் கொடுக்க வேண்டும். வயது வந்த மகன்கள் தனிக் குடும்பமாகக் கருதப்பட வேண்டும். அக்காலத்தில் இது முன்னேற்றமான ஏற்பாடுதான். ஆனால் பட்டா இல்லாமல் காட்டு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுது வந்த பழங்குடி மக்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அரசின் ஏடுகளில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாக இருந்தார்கள்.

கடனும் நிபந்தனை அனுமதியும்

1985இல் உலக வங்கி அணைக்கும் கால்வாய்க்குமாக மொத்தம் 45 கோடி டாலர் அளிக்க ஒப்பந்தம் செய்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான ஒரு செயல்திட்டத்தை இந்தியா அந்த ஆண்டின் இறுதிக்குள் தயாரிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. அது தயாராகவில்லை. காலக்கெடு 1989க்கு நீட்டிக்கப்பட்டது. அப்போதும் வேலை முடியவில்லை.

இந்திய அரசின் சுற்றுச்சூழல், வன அமைச்சகம் 1987 ஜூனில் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. மேலே உள்ள நிலங்களில் மண் அரிப்பைத் தடுப்பது, மூழ்கும் காட்டுக்கு ஈடாக மரம் வளர்ப்பது, பாசனப் பரப்பில் வடிகால், விலங்குகளும் தாவரங்களும், நோய்ப் பரவல், மறுகுடியமர்வு ஆகியவை பற்றிய விவரமான ஆய்வுகள் அப்போது கையில் இல்லை. அவற்றைக் கட்டுமானத்துடன் ஒரே சமயத்தில் நடத்தி முடிக்கலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அணையின் முதன்மைக் கட்டுமானம் தொடங்கியது. ஆய்வுகளைவிட அணை வேகமாக வளர்ந்தது.

போராட்டமும் குழு அமைக்கப்பட்டதும்

1980களின் இறுதியில் பள்ளத்தாக்கு மக்களின் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நர்மதை பாதுகாப்பு இயக்கம் (நர்மதா பச்சாவோ ஆந்தோலன்) உருவானது. மேதா பட்கர் அதன் முன்னணித் தலைவரானார். 1990இல் ஜப்பான் அரசு மின்னாக்கிகளுக்கான தன் நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் பாபா ஆம்தேயும் மேதா பட்கரும் பல்லாயிரம் மக்களும் அணையை நோக்கி நடந்தனர். குஜராத் எல்லையில் ஃபெர்குவா என்னுமிடத்தில் அவர்கள் தடுக்கப்பட்டனர். அங்கே தொடங்கிய உண்ணாநோன்பு மூன்று வாரங்கள் நீடித்தது.

இந்த நெருக்கடியின் தொடர்ச்சியாகவே உலக வங்கித் தலைவர் பார்பர் கானபிள் தனி ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார். குழு 1991 செப்டம்பரில் பணியைத் தொடங்கியது. மோர்ஸ், பெர்ஜர் இருவருடன் டான் கேம்பிள், ஹியூ பிராடி ஆகியோரும் முதன்மைப் பொறுப்பில் இருந்தனர்.

பெர்ஜரின் கனடா அனுபவம்

தாமஸ் பெர்ஜர் இத்தகைய ஆய்வுக்குப் புதியவர் அல்லர். வட துருவப் பகுதியின் இயற்கை எரிவாயுவைத் தெற்கே கொண்டுவர மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாகக் குழாய் பதிக்கும் திட்டம் 1970களில் முன்வைக்கப்பட்டது. அதன் விளைவுகளை ஆராயக் கனடா அரசு 1974இல் பெர்ஜரை நியமித்தது. அவர் தலைநகரில் அமர்ந்து ஆவணங்களை மட்டும் பார்க்கவில்லை. டெனே, இனுவிட், மெட்டி மக்களின் 35 குடியிருப்புகளுக்கு நேரில் சென்று, ஏறத்தாழ ஆயிரம் பேரின் வாக்குமூலத்தைக் கேட்டார். பொறியாளர்களும் உயிரியலாளர்களும் சொன்னதற்குத் தந்த அதே மதிப்பை வேட்டைக்காரர்களும் மீனவர்களும் சொன்னதற்கும் தந்தார். திட்டத்தை எதிர்க்கும் அமைப்புகள் சொந்தமாக வல்லுநர்களை அமர்த்திக்கொள்ளப் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்கச் செய்தார். விசாரணைச் செய்திகள் பழங்குடி மொழிகளில் வானொலியில் ஒலிபரப்பாயின.

1977இல் அவர் அளித்த பரிந்துரை இரண்டு பகுதிகளைக் கொண்டது. கரிபூ மான் கூட்டங்கள் கன்று ஈனும் வடக்கு யூகோன் சமவெளியில் குழாய் எப்போதும் கூடாது. மெக்கென்சி பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களின் நில உரிமை தீர்க்கப்படும்வரை பத்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அந்தக் குழாய் பதிக்கப்படவில்லை. வடக்கு யூகோனில் 1984இல் தேசியப் பூங்கா ஒன்று உருவானது.

நர்மதைக்கு அவர் வந்தபோது ஒரு வேறுபாடு இருந்தது. கனடாவில் முதல் குழி தோண்டப்படும் முன் கேள்வி கேட்கப்பட்டது. இங்கே அணைச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

குழு வேலை செய்த முறை

மோர்ஸ் பதவியை ஏற்கும் முன்பே சில ஏற்பாடுகள் உறுதி செய்யப்பட்டன. குழுவின் செலவுக்குத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. வங்கியின் திட்டக் கோப்புகள் அனைத்தும் குழுவுக்குத் திறந்துவிடப்பட்டன. அறிக்கை வங்கியின் திருத்தத்துக்கு உட்படாமல் வெளியிடப்படும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நியமித்தவரும் பணம் கொடுத்தவரும் உலக வங்கியே என்றாலும், இந்த ஏற்பாடுகள்தாம் குழுவைச் சுதந்திரமாக வைத்தன.

குழுவினர் பள்ளத்தாக்கு ஊர்களுக்கும், மக்கள் குடியேற்றப்பட்ட புதிய இடங்களுக்கும், கால்வாய்ப் பகுதிகளுக்கும், அணைக்குக் கீழே உள்ள பகுதிகளுக்கும் சென்றனர். மத்திய அரசு, மூன்று மாநில அரசுகள், அணையை எதிர்த்த நர்மதை பாதுகாப்பு இயக்கம், மறுகுடியமர்வை ஏற்று அதை மேம்படுத்தப் பாடுபட்ட குஜராத்தின் தொண்டு அமைப்பு எனப் பல தரப்பினரையும் கேட்டனர்.

குழுவுக்குத் தரப்பட்ட கேள்வி குறுகியது. அணை வேண்டுமா வேண்டாமா என்று வங்கி கேட்கவில்லை. மறுகுடியமர்வு எப்படி நடக்கிறது, சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகள் எப்படி நடக்கின்றன என்ற இரண்டை மட்டுமே கேட்டது. ஆனால் வேலையைத் தொடங்கியதும் குழு ஒரு தடையில் முட்டிக்கொண்டது. பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கை போதுமானதா என்று சொல்ல வேண்டுமானால், பாதிப்பு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அந்த அளவீடுதான் செய்யப்படவில்லை. எனவே குழு கோப்புகளிலிருந்தும் கள ஆய்விலிருந்தும் அடிப்படைத் தகவல்களைத் தானே திரட்ட வேண்டியதாயிற்று. சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும். எழுதியிருப்பதைச் சரிபார்ப்பதோடு, எழுதப்படாமல் விடப்பட்டது எது என்று கண்டுபிடிப்பதும் அதன் வேலை.

அறிக்கை கண்டறிந்தவை

மறுகுடியமர்வைப் பற்றிய முடிவு கடுமையானது. நீர்த்தேக்கத்தால் குறைந்தது ஒரு லட்சம் பேர் இடம்பெயர்வார்கள் என்று குழு கணித்தது. கால்வாய்களால் நிலம் இழக்கும் சுமார் 1,40,000 விவசாயிகளை இடம்பெயர்வோராக யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பட்டா இல்லாத பழங்குடி உழவர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் குஜராத் பின்னாளில் 2 ஹெக்டேர் தர முன்வந்தது. மற்ற இரண்டு மாநிலங்களின் கொள்கை அந்த அளவுக்கு வரவில்லை. அதனால் சொந்த மாநிலத்திலேயே குடியேற விரும்பும் குடும்பத்துக்கு நடைமுறையில் தேர்வு இல்லாமல் போனது. கட்டுமானத்துக்கு முன்பே மக்கள்தொகை, நில உரிமை பற்றிய முறையான கணக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை என்று அறிக்கை சுட்டியது.

சுற்றுச்சூழல் பற்றிய பகுதி ஆற்றை முழுமையாகப் பார்த்தது. அணைக்கு மேலே, வண்டல் படிவதால் வெள்ள மட்டம் உயர்ந்து மேலும் நிலம் பாதிக்கப்படக்கூடும் என்பது ஆராயப்படவில்லை. அணைக்குக் கீழே கழிமுகம் வரையுள்ள பகுதியில் என்ன நேரும் என்பதற்கு மதிப்பீடே இல்லை. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் உல்லம் மீனையும் அதை நம்பிய மீனவர் பிழைப்பையும் அணை பெரிதும் பாதிக்கும் என்று குழு கருதியது. பாசனப் பரப்பில் நீர் தேங்கி மண் உவராகும் அபாயம் இருந்தது. நீர்த்தேக்கத்தையும் கால்வாய்களையும் ஒட்டி மலேரியா பரவும் அபாயத்துக்குப் போதிய ஏற்பாடு இல்லை. வறண்ட பகுதிகளுக்குக் குடிநீர் தருவதே திட்டத்தின் பெரிய நியாயமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நீரை ஊர்களுக்குக் கொண்டு சேர்க்கும் திட்டம் தொடக்க நிலையிலேயே இருந்தது. ஆற்றில் ஓடும் நீரின் அளவைப் பற்றிய கணக்கையும் குழு கேள்விக்குட்படுத்தியது.

இருந்த நிலையில் திட்டம் குறையுடையது, அன்றைய சூழலில் எல்லோருக்கும் மறுவாழ்வு அளிப்பது இயலாது, சுற்றுச்சூழல் விளைவுகள் முறையாக ஆராயப்படவில்லை என்பதே குழுவின் முடிவு. வங்கி திட்டத்திலிருந்து ஓர் அடி பின்வாங்கி, எல்லாவற்றையும் புதிதாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

அறிக்கைக்குப் பின்

வல்லுநர் குழுவின் சொல் பரிந்துரை மட்டுமே. முடிவு நியமித்தவர் கையில் இருக்கும். புதிய தலைவர் லூயிஸ் பிரெஸ்டன் காலத்தில் வங்கி நிர்வாகம், குறைகளைச் சரிசெய்துகொண்டு திட்டத்தைத் தொடரலாம் என்று ஓர் ஆவணம் தயாரித்தது. தங்கள் அறிக்கை அதில் தவறாகக் காட்டப்பட்டுள்ளது என்று மோர்ஸும் பெர்ஜரும் 1992 அக்டோபரில் பிரெஸ்டனுக்குக் கடிதம் எழுதினர். அதே மாதம் வங்கியின் இயக்குநர் குழுவில் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளின் பிரதிநிதிகள் கடனைத் தொடர்வதை எதிர்த்தனர். பெரும்பான்மை தொடர்வதையே ஆதரித்தது. ஆனால் ஆறு மாதத்துக்குள் சில இலக்குகளை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. கெடு முடியும் தறுவாயில், 1993 மார்ச் இறுதியில், எஞ்சிய சுமார் 17 கோடி டாலர் கடன் தேவையில்லை என்று இந்திய அரசே அறிவித்தது.

வங்கி விலகியது, அணை நிற்கவில்லை. அறிக்கை பணத்தை நிறுத்தியது. பணம் வேறு வழியில் வந்தது.

நர்மதை பாதுகாப்பு இயக்கம் 1994இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1995இல் கட்டுமானம் நிறுத்தப்பட்டு, 1999இல் 85 மீட்டர் வரை அனுமதிக்கப்பட்டது. 2000 அக்டோபர் 18 அன்று வந்த இறுதித் தீர்ப்பில் மூன்று நீதிபதிகளில் இருவர் கட்டுமானம் தொடரலாம் என்றனர். நீதிபதி எஸ். பி. பருச்சா மாறுபட்டார். போதிய தகவல் இல்லாமல் 1987இல் தரப்பட்ட அனுமதியை ஏற்க முடியாது என்றும், வல்லுநர் குழு ஒன்று திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளை மதிப்பிட வேண்டும் என்றும், அதுவரை வேலை நிற்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் மோர்ஸ் குழு சொன்ன குறையும் இதுவே. சிறுபான்மைத் தீர்ப்பாதலால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2017 செப்டம்பர் 17 அன்று அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்த்தேக்கம் முதல் முறையாக முழு மட்டத்தை எட்டியது. கட்சிலும் சௌராஷ்டிரத்திலும் பல ஊர்களுக்கு நர்மதை நீர் சென்று சேர்ந்தது. மறுவாழ்வு நிறைவடையவில்லை என்ற முறையீடுகள் பள்ளத்தாக்கில் அந்த ஆண்டிலும் எழுந்தன.

பிற்காலத் தாக்கம்

மோர்ஸ் அறிக்கையின் நேரடி விளைவுகளில் முக்கியமானது, உலக வங்கி 1993 செப்டம்பரில் நிறுவிய ஆய்வுப் பேராயம். மூன்று உறுப்பினர் கொண்ட இந்த அமைப்பிடம், வங்கி தன் சொந்த விதிகளை மீறியதால் பாதிக்கப்படும் மக்கள் நேரடியாக முறையிடலாம். அதற்கு வந்த முதல் முறையீடு நேபாளத்தின் அருண் 3 நீர்மின் திட்டம் பற்றியது. 1995இல் வங்கி அத்திட்டத்திலிருந்து விலகியது. அங்கே அணை இன்னும் எழும்பியிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994 ஜனவரி 27 அறிவிக்கையால் குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குக் கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை அதற்குப் பதிலாக வந்தது. இதன்படி ஏ பிரிவுத் திட்டங்களை மத்திய அளவிலான வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவும், பி பிரிவுத் திட்டங்களை மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவும் பரிசீலிக்கின்றன. எந்தெந்தப் பாதிப்புகளை ஆராய வேண்டும் என்று குழு முதலில் வரையறுக்கிறது. பின்னர் வரைவு அறிக்கை தயாராகிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. இறுதி அறிக்கையைக் குழு மதிப்பிட்டுப் பரிந்துரை வழங்குகிறது. கட்டுமானத்துக்கு முன்பே அனுமதி பெற வேண்டும் என்பது இந்த அறிவிக்கையின் அடிப்படை. ஆயினும் முன் அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களைப் பின்னர் பரிசீலிக்க 2017இல் தனி வழி திறக்கப்பட்டு, நீதிமன்றங்களில் வழக்குக்கு உள்ளானது. அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குத் திட்டத்தை முன்வைப்பவரே பணம் கொடுக்கும் முறையும் தொடர்கிறது.

மதிப்பீடு

மோர்ஸ் குழுவை வெற்றி என்றும் தோல்வி என்றும் கூறுவோர் உண்டு. வங்கியை விலகச் செய்தது, உலக அளவில் ஒரு முறையீட்டு அமைப்பு பிறக்கக் காரணமானது ஆகியவை முதல் தரப்பின் வாதம். அணை முழு உயரத்துக்குக் கட்டப்பட்டது, ஊர்கள் மூழ்கின என்பது மறுதரப்பின் வாதம். இரண்டும் உண்மையே.

பெர்ஜர் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முறையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. இரண்டிலும் பாதிக்கப்படுவோரின் ஊருக்குச் சென்று கேட்டார்கள், கோப்புகளைப் பார்த்தார்கள், முடிவை வெளிப்படையாக எழுதினார்கள். வேறுபட்டவை இரண்டு. கனடாவில் ஆய்வைக் கேட்ட அரசே முடிவெடுக்கும் அதிகாரமும் கொண்டிருந்தது. நர்மதையில் கேட்டது கடன் கொடுத்த வங்கி, கட்டியது அரசு. கனடாவில் ஆய்வு முதலில் வந்தது. நர்மதையில் அணை முதலில் வந்தது. பல கோடி ரூபாய் செலவழிந்த பிறகு, இதைக் கட்டலாமா என்ற கேள்வி தானாகவே, கட்டியதை வீணாக்கலாமா என்று மாறிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு எந்த வல்லுநர் குழுவாலும் வேறு விடை பெற்றுத் தருவது கடினம்.

ஆகவே ஒரு திட்டத்தை வல்லுநர் குழு ஆராய்ந்தது என்று படிக்கும்போது, உறுப்பினர்களின் தகுதியோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களை நியமித்தவர் யார்? அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எது? எல்லாக் கோப்புகளும் கிடைத்தனவா? அவர்கள் அந்த ஊருக்குப் போனார்களா? அறிக்கை மக்கள் கைக்கு வந்ததா? எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேலை தொடங்கிவிட்டிருந்ததா?